பேகனுக்கே பூனை கிடையாது

வையாவிக் கோப்பெரும் பேகனை உங்களுக்குத் தெரியும். பழனிமலைப் பக்கத்து அரசர், கடையெழு வள்ளல்களில் ஒருவர். மயில் ஒன்று அகவியதைக் கேட்டு, ஐயோ பாவம் குளிருது போல என்று தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்ட மகான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமே போட்டிருப்பார்கள்: மயில், போர்வை, பக்கத்தில் பேகனின் பூரிப்பு. அதற்குப் பிறகு அந்த மயில் எப்படித் தோகை விரித்தது என்று மட்டும் ஒரு புலவரும் போய்ப் பார்க்கவில்லை.

இன்றைய பூனைக் காப்பகக்காரர்கள் என்றால் போய்ப் பார்த்திருப்பார்கள். போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருப்பார்கள்.

இதே பேகன் இன்றைக்குக் கொழும்பில் ஒரு பூனைக் காப்பகத்துக்குப் போய், 'ஒரு குட்டி தாங்கோ, வளர்க்கிறேன்' என்று கேட்டால் கிடைக்குமா? கிடைக்காது. அந்தப் படிவம் இப்போது என் கையில் இருப்பதால் அடித்துச் சொல்கிறேன். முதல் பக்கத்தைப் பேகன் தாண்டிவிடுவார்: சொந்த வீடா, வாடகையா? சொந்த மலை. இரண்டாம் பக்கத்தில்தான் சறுக்கும்: 'வீட்டில் உள்ள அனைவருக்கும் சம்மதமா?'

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே பேகனுக்குச் சரியாகத் தெரியாது. மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டில் குடியிருந்தவர் அவர். (கோவலனின் கண்ணகி வேறு, இந்தக் கண்ணகி வேறு. பெயர் ராசி அப்படி.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் வரிசையாக வந்து, எங்களுக்குப் பரிசு எதுவும் வேண்டாம், ராத்திரியோடு ராத்திரியாகத் தேரேறி வீட்டுக்குப் போங்கள் என்று பாடியிருக்கிறார்கள். புறநானூற்றில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்கு இதை ஃபேமிலி குரூப்பில் செய்வார்கள். அன்றைக்கு இலக்கியமாகச் செய்தார்கள்.

படிவத்தின் கடைசியில் 'உங்களை நன்கறிந்த இருவரின் பெயர்' என்று ஓர் இடம் உண்டு. பேகன் என்ன எழுதுவார்? கபிலர், பரணர். காப்பகத்து மிஸ் போன் போடுகிறார். மறுமுனையில் கபிலர் தொண்டையைச் செருமுகிறார்: "மயில் விஷயத்தில தங்கமான மனுஷன் மிஸ். மிச்சத்த நீங்க பரணரிட்ட கேளுங்கோ."

எனக்கு இந்தப் படிவமெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் ஒருகொடவத்தை ஆள். பூனை கேட்டுப் போன ஆள்.

ஒருகொடவத்தை தெரியாதவர்களுக்கு: பேஸ்லைன் ரோட் களனிப் பாலத்தை நோக்கிப் போகும் வழியில், அவிசாவளை ரோட் பிரிகிற சந்தி. ஒரு பக்கம் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள். இன்னொரு பக்கம் கொண்டெய்னர் யார்டுகள். பாலத்தைத் தாண்டினால் பேலியகொடை மீன் சந்தை. மீன் சந்தைக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பூனைக்குப் பஞ்சம் என்று சொன்னால் பூனைகளே சிரிக்கும். பிறகு ஏன் காப்பகம்? ஊசி போட்ட, கருத்தடை செய்த, குணம் தெரிந்த பூனை வேண்டும் என்று வீட்டில் முடிவானது. அத்தோடு, ஆதரவற்ற ஜீவனைத் தத்தெடுத்தோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? பேகனுக்கும் அதே வியாதிதான், பாட்டுக்காகப் போர்வை.

"எந்த ஏரியா?" என்றார் மிஸ்.

"ஒருகொடவத்தை, மிஸ்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கொண்டெய்னர் போற ரோட் தானே அது?"

"போறதுதான் மிஸ். ஆனா கூடுதலா டிராஃபிக்ல நின்டுகொண்டுதான் இருக்கும்."

நகைச்சுவை உணர்வு தத்தெடுப்புக்குத் தகுதியாகக் கருதப்படுவதில்லை என்று அன்றைக்கு அறிந்துகொண்டேன்.

ஒருகொடவத்தைக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். வெள்ளவத்தையில் இருக்கும் சித்திக்கு ஃபிளாட். மெயின் ரோட் பிரச்சினை இல்லை, பல்கனிப் பிரச்சினை. வலை அடிக்காவிட்டால் பூனை கிடையாது. சித்தி மேனேஜ்மென்ட் கொமிட்டியிடம் கேட்க, வலை அடித்தால் கட்டடத்தின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். அந்தக் கட்டடத்தின் அழகை நான் பார்த்திருக்கிறேன். வலை அடித்தால் முன்னேற்றம். கொட்டாஞ்சேனை நண்பனுக்குக் கூட்டுக் குடும்பம். பூனைக்கு யார் பொறுப்பு என்று கேட்டதற்கு வீட்டில் எல்லோரும் 'நான்' என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்பது காப்பகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அரசியலமைப்பு எழுதுகிறவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

'வெளிநாடு செல்லும் எண்ணம் உண்டா?' என்றும் ஒரு கேள்வி. இதற்கு 'இல்லை' என்று எழுதுகிற கொழும்புத் தமிழர் பொய் சொல்கிறார். 'ஆம்' என்று எழுதினால் பூனை இல்லை.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து வரலாற்றைப் புரட்டினேன். மனிதகுலத்தின் மாபெரும் பிராணி நேசர்கள் ஒவ்வொருவரையும் மிஸ்ஸுக்கு எதிரே அந்தக் கதிரையில் உட்கார வைத்துப் பார்த்தேன். ஒருவராவது தேறவேண்டுமே!

சிபிச் சக்கரவர்த்தி வந்தார். புறாவைக் காப்பாற்றப் பருந்துக்குத் தன் தசையையே அரிந்து கொடுத்தவர். 'என்ன சாப்பாடு கொடுப்பீர்கள்?' என்று மிஸ் கேட்கிறார். சக்கரவர்த்தி பெருமையோடு தொடையைக் காட்டுகிறார். "பச்சை இறைச்சி நாங்க விடுறதில்ல சேர். அதோட நீங்க முடிஞ்சதுக்குப் பிறகு யார் பாக்கிறது?" தராசில் ஏறி நின்ற மன்னர் பதில் தெரியாமல் இறங்குகிறார்.

அடுத்து எல்லாளன். அனுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்டவர். எதிர்த்தரப்பின் புத்தகமான மகாவம்சமே, மனுஷன் நீதிமான் என்று ஒப்புக்கொண்ட சோழர். கட்டில் தலைமாட்டில் மணி. அதன் கயிறு நீளமாக வெளியே. நீதி வேண்டுவோர் யாரும் இழுக்கலாம். அரசரின் மகனுடைய தேரில் கன்றை இழந்த பசு இழுத்தது. மகனையே தேர்க்காலில் பலி கொடுத்தார். குஞ்சைப் பாம்பு விழுங்கிவிட்டது என்று ஒரு பறவை வந்து இழுத்தது. பாம்பைப் பிடித்து வயிற்றைக் கிழித்துக் குஞ்சை எடுத்தார்களாம். பசு வந்தது, பறவை வந்தது, உலரப்போட்ட தானியம் மழையில் நனைந்துவிட்டது என்று ஒரு கிழவி வந்தார். பருவம் தவறிப் பெய்ததற்கு மழை மீதே முறைப்பாடு! பூனை மட்டும் வரவில்லை. ஏன் என்று பூனை வளர்த்தவர்களைக் கேளுங்கள். தொங்குகிற கயிறு, அசைத்தால் சத்தம் போடுகிற மணி. ஒரே ஒரு பூனை அந்தப் பக்கம் வந்திருந்தால் எல்லாளன் 44 ஆண்டும் கண் மூடியிருக்க மாட்டார். துட்டகைமுனு படையெடுத்து வந்தபோது 'நீயே வைத்துக்கொள், நான் தூங்கவேண்டும்' என்றிருப்பார்.

புத்ததாச மன்னர் கொஞ்சம் நம்பிக்கை அளித்தார். 4ஆம் நூற்றாண்டு, அதே அனுராதபுரம், அரசரே சத்திரசிகிச்சை நிபுணர். வயிற்றுக் கட்டியோடு கிடந்த ஒரு பாம்பு அவரைக் கண்டதும் மல்லாந்து காட்டியதாம். ஊர்வலத்தை நிறுத்தி, கத்தியை எடுத்து, கட்டியை அகற்றிவிட்டார். பாம்பு நன்றியோடு ஒரு மாணிக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. காப்பகம் இவரை அவசியம் விரும்பும். வீட்டிலேயே வைத்தியர், செலவில்லை. ஆனால் நோயாளியிடம் மாணிக்கம் வாங்கும் டொக்டர் என்றதும் எனக்கே ஒரு தயக்கம் வந்தது. கொழும்பில் அந்த மரபு நன்றாகத்தான் தழைத்திருக்கிறது.

கிருஷ்ணதேவராயரின் கதை தெரிந்ததே. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட சக்கரவர்த்தி. எலித் தொல்லை தாங்காமல் வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் வழங்கினார் என்று கதை சொல்கிறது. சாப்பாட்டுச் செலவோடு பூனை! உலகின் எந்தக் காப்பகமும் இதைச் செய்ததில்லை. தெனாலிராமன் முதல்நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான். சூடுபட்ட பூனை அதன் பிறகு பாலைக் கண்டாலே ஓடியது. பசுவின் பால் முழுவதும் தெனாலி வீட்டுக் குசினிக்கு. பரிசோதனைக்கு அரசர் கூப்பிட்டபோது எலும்பும் தோலுமாக ஒரு பூனை. நாம் ஐந்நூறு வருடமாகத் தெனாலிராமனின் கெட்டித்தனத்தை மெச்சிச் சிரிக்கிறோம். காப்பகத்து மிஸ்ஸிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் நாங்க வீட்டுக்கு வந்து பாக்கிறது" என்றார்.

நம் சிற்பிகளாவது பூனைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தார்களா? மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பாறையில், தெய்வங்களும் யானைகளும் திரண்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே, ஒரு பூனை இரண்டு காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் பக்தர்களாக. பல்லவர் கொடுத்த கௌரவத்தைப் பாருங்கள்: போலிச்சாமியார் வேடம். அந்தப் பூனையிடமும் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கதிரையில் உட்கார்ந்தவர்களில் என்னை அசத்தியவர் கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன்தான். வழிதவறியதைப் பிடித்து, இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு, கடைசிவரை கைவிடாமல் வளர்த்தவர். என்ன, அவர் வளர்த்தது பூனையை அல்ல. வெள்ளைக்காரர்களை.

1660இல் திருகோணமலைப் பக்கம், கொட்டியாரக் குடாவில், புயலில் அடிபட்டு ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் கப்டனையும் மாலுமிகளையும் அவருடைய ஆட்கள் பிடித்தார்கள். கப்டனின் மகன் ரொபர்ட் நொக்ஸ் என்ற பெடியனும் அதில் ஒருவன். அரசர் மீட்புப்பணம் கேட்கவில்லை. வேலை வாங்கவில்லை. சிறையிலும் போடவில்லை. மலைநாட்டுக் கிராமங்களுக்கு ஆளுக்கொருவராகப் பிரித்துக் கொடுத்து, முறை வைத்துச் சாப்பாடு போடுங்கள் என்று ஊர்க்காரர்களுக்குக் கட்டளையிட்டார். சோறு, உப்பு, ஏதாவது இலைக்கறி. இன்றைக்குக் காப்பகங்கள் தற்காலிகமாக ஒரு வீட்டில் குட்டியை விட்டு வளர்க்கிறார்களே, அதே ஏற்பாடு. தற்காலிகம் என்ற பகுதியை மட்டும் ராஜசிங்கன் நீக்கிவிட்டார்.

எதற்காக வைத்திருந்தார் என்று நொக்ஸுக்கே கடைசிவரை விளங்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது, கிடக்கட்டும் என்பதற்கு மேல் ஒரு காரணமும் அகப்படவில்லை. யோசித்துப் பாருங்கள், நீங்களும் நானும் பூனை வளர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வைத்திருக்கிறோமா? பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று இனவாரியாகச் சேகரிப்பு. பேச்சுவார்த்தைக்கு வந்த ஒல்லாந்தத் தூதர்களும் திரும்பிப் போக விடை கிடைக்காமல் காத்துக் கிடந்தார்கள். ஒரு தூதர் அன்பளிப்பாகச் சிங்கத்தையே கொண்டுவந்ததையும் நொக்ஸ் எழுதியிருக்கிறார். பெயரிலேயே சிங்கம் வைத்திருப்பவருக்குச் சிங்கம் கொண்டுவந்தால் மகிழ்ந்துபோவார் என்று நினைத்தார்களாம். அரசர் சேகரித்தது சிங்கம் கொண்டுவருகிறவர்களை என்று கொழும்புக் கோட்டையில் இருந்தவர்களுக்குப் புரிய நாளெடுத்தது.

நொக்ஸ் வளர்ப்புப் பிராணியாக அப்படி ஒன்றும் மோசமில்லை. தொப்பி பின்னி விற்றான். நெல்லை வட்டிக்குக் கடன் கொடுத்தான். 19 வருடம் வளர்ந்து, ஒருநாள் யன்னலில் வலை அடிக்காத குறையால் 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பு ஒல்லாந்தர் கோட்டைக்கு ஓடிவிட்டான். ஊருக்குப் போனதும் 1681இல் வளர்த்தவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி அச்சேற்றினான். பூனை செய்யுமா இதை?

இங்கிலாந்துக்காரர் பிராணி நேசத்தில் உத்தமர் என்று ஒரு பேச்சு உண்டு. 1868இல் லண்டன் தபால் திணைக்களத்தின் மணியோடர் ஒபிஸில் எலிகள் காகிதங்களையெல்லாம் தின்றன. மூன்று பூனைகளை வேலைக்கு எடுத்தார்கள். வாராந்தம் இரண்டு ஷிலிங் கேட்கப்பட்டது. மேலிடம் ஒன்றுதான் தந்தது. மீதிச் சம்பளத்தை எலியாகப் பிடித்துக்கொள்ளட்டும், ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் கொடுப்பனவு வெட்டப்படும் என்று குறிப்பு வேறு. உலகின் பெரிய சாம்ராஜ்யம், பூனையிடம் போய்த் தகுதிகாண் காலம் பேசியிருக்கிறது.

அதற்கு எட்டு வருடம் முன்னால், 1860இல், மேரி டீல்பி என்ற பெண்மணி லண்டனில் தெருநாய்களுக்கு ஒரு காப்பகம் திறந்தபோது 'டைம்ஸ்' பத்திரிகை அவரைக் கேலி செய்தது. பிறகு அது பட்டர்சீக்கு இடம்மாறி, 1883இல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்துதான் 2011இல் லரி என்ற பூனை, டவுனிங் வீதி 10ஆம் இலக்கத்துக்கு எலி பிடிக்கப் போனது. கமரன், மே, ஜோன்சன், ட்ரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆட்கள் வந்தார்கள். பூனை ஒன்றுதான். 'அடிக்கடி வீடு மாறுவீர்களா?' என்ற கேள்வியை அந்த வீட்டில் பூனைதான் பிரதமர்களிடம் கேட்க வேண்டும். ட்ரஸ் அம்மையாருக்குக் குட்டி கொடுத்திருந்தால், ஊசி அட்டையில் இரண்டாம் தவணை வருவதற்குள் திருப்பி அனுப்பியிருப்பார்.

அதே இங்கிலாந்துக்காரர் நமக்கு விட்டுப்போன சொத்து ஒன்று இருக்கிறது: 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். பிராணியை வதைத்தால் அதிகபட்சத் தண்டம் 100 ரூபா. 1907இல் 100 ரூபா என்றால் மனிதன் யோசித்திருப்பான். இன்றைக்கு ஒருகொடவத்தைச் சந்திச் சாப்பாட்டுக் கடையில் 100 ரூபாவைக் கொடுத்தால், பிளேன்டீயா வடையா, இரண்டில் ஒன்றைச் சொல் என்பார்கள். புதிய சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைவு எழுதிக் கொடுத்தது. 2010இல் அத்துரலியே ரத்தன தேரர் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தார். அதன்பிறகு அந்த வரைவு ஏறாத மேசையில்லை, தூங்காத லாச்சியில்லை.

இதைப் படித்தபோதுதான் மிஸ்ஸின் நாலு பக்கப் படிவம் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிந்தது. அரசாங்கம் ஒரு வடைக்காசில் முடித்துவைத்த விஷயத்தை, அந்த மனுஷி தன் கைப்பட அச்சடித்த கேள்விகளால் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். மீன் சந்தை வாசலிலும் கோயில் வாசலிலும் கார்ட்போர்ட் பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறவர்கள் எந்தப் படிவமும் நிரப்புவதில்லை. 2022இல் பூனைச் சாப்பாட்டு விலை ஏறியபோது, அன்போடு வாங்கிப்போனவர்களே அன்போடு கொண்டுவந்து விட்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் படிவத்தை எட்டுப் பக்கமாக்குவேன். என்றாலும் கொண்டெய்னர் டிராஃபிக் பற்றி நான் சொன்னது உண்மைதானே? ஒருமுறை வந்து நின்று பார்க்கட்டும்.

இவ்வளவு பேரையும் விசாரித்த பிறகு, படிவமே நிரப்பாமல் பூனையோடு போன ஒருவர் அகப்பட்டார். அதுவும் நம் நாட்டில். 1984 ஜனவரியில் பவுலோ பெல்லெகாட்டா என்ற இத்தாலிய டொக்டர் இலங்கைக்குச் சுற்றுலா வந்தார். எல்லோரும் சிகிரியாவைப் பார்க்க, மனுஷன் தெருப் பூனையைப் பார்த்திருக்கிறார். மெலிந்த உடம்பு, மண்ணும் பொன்னும் கலந்த நிறத்தில் புள்ளி தூவிய ரோமம், காலிலும் வாலிலும் கோடு, நெற்றியில் நாகபடம் மாதிரி ஓர் அடையாளம். சொக்கிப்போய்ச் சிலதை இத்தாலிக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு 'சிலோன்' என்ற பெயரில் அது ஒரு சாதி. கண்காட்சி, வம்சாவளிப் பத்திரம் எல்லாம் உண்டு. நம் அம்மாமார் தும்புத்தடியால் விரட்டிய அதே ஆள்தான்.

ஒருகொடவத்தைச் சந்திச் சாப்பாட்டுக் கடைக் கதிரைக்குக் கீழே அச்சு அசல் அப்படி ஒன்று இருக்கிறது. நெற்றி அடையாளம் உட்பட. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, இந்தப் பூனைக்கு இத்தாலியில பெரிய மரியாதையாம். வம்சமெல்லாம் எழுதி வச்சிருக்கிறாங்களாம்."

அவர் கொத்துத் தட்டுகிற கையை நிறுத்தாமல் குனிந்து ஒருமுறை பார்த்தார்.

"அப்ப இது ஏன் தம்பி இங்க நிக்குது?"

"84ல போனதுகள் போயிட்டுது அண்ணை."

"ஓ," என்றார். "என்ட மச்சானும் மூணு தரம் போட்டான். இத்தாலி எம்பசில என்னென்னமோ கேள்வி கேக்கிறானாம்."